நாற்பது மைல்

மார்த்தாவின் கதை அச்சில் வந்த வாரம் டாஃபின் ஊர் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வேலை சரியாக ஓடவில்லை. பத்தொன்பது வருடமாக அங்கே கவுன்ட்டரில் இருப்பவள் அவள். வருகிறவர்களைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, சிரிக்காமல் கேமராவைப் பாருங்கள் என்று சொல்வதும் அவள் வேலைதான். அந்த வாரம் வந்தவர்கள் அவளைப் பார்த்ததுமே சிரித்தார்கள். கதை பிரமாதம் என்றார்கள். பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நாலைந்து பேரை லேசான சிரிப்போடு விட்டுவிட்டாள். வின்னிபெக் தலைமை அலுவலகம் அந்தப் படங்களையெல்லாம் திருப்பி அனுப்பியது.

எல்லாம் அவள் கணவன் கார்த் செய்த வேலை. தானியக் கிடங்கில் எடை போடுகிறவன்; வாழ்நாளில் கதை என்று எதையும் முழுசாகப் படித்ததில்லை. வின்னிபெக்கிலிருந்து பத்திரிகை வந்த அன்றே பதினைந்து பிரதிகளுக்குச் சொல்லிவைத்து, கூட்டுறவுக் கடையில் ஐந்து, முடிவெட்டும் கடையில் இரண்டு, ஐஸ் ஹாக்கி மைதானத்துக் கேன்டீனில் மூன்று என்று கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். மிச்சத்தை லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு சுற்றினான்.

கதைக்கு "காற்றடிக்கும் இடம்" என்று பெயர். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, நெடுஞ்சாலையோர பெட்ரோல் பங்க் ஒன்றில் குடும்பத்தாரால் மறந்துவிடப்படுகிறாள். அப்பாவும் அம்மாவும் அக்காவும் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இவள் டயருக்குக் காற்றடிக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு, போகிற வண்டிகளை எண்ணியபடி அழுகிறாள். இரண்டு மணி நேரம் கழித்து அப்பா திரும்பி வருகிறார். அவ்வளவுதான் கதை. குளிர்காலத்தில் நூலகத்தில் நடந்த எழுத்து வகுப்பில், உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள், ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மார்த்தா ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினாள்.

எட்மன்டனில் இருக்கும் சித்தி மகளுக்கு ஒரு பிரதி அனுப்பினாள். கல்லூரித் தோழிக்கு ஒன்று. தங்கை ஸெனியாவுக்கு மட்டும் அனுப்பவில்லை. ஸெனியா இருப்பது ஸ்வான் ரிவரில், இரண்டு மணி நேரப் பயணம். டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறாள். அங்கேயெல்லாம் இந்தப் பத்திரிகை எங்கே போகப் போகிறது என்று மார்த்தா தைரியமாக இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரோகிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"மார்த்தா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. என் பெட்ரோல் பங்க்கை நீ எடுத்து வித்துட்டியாமே?"

மார்த்தா அடுப்பை அணைத்தாள்.

நடந்தது இதுதான். ஸெனியாவுக்கு ஏழு வயதில் நடந்த விஷயம் அது. ஐம்பது வருடமாக அவள் அதைக் கல்யாணங்களிலும் பிறந்தநாள்களிலும் சொல்லி வருகிறாள். சொல்லி முடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அப்பா வண்டியில் ஏறுமுன் "ஒண்ணு, ரெண்டு, போலாம்" என்று பெட்டிகளை எண்ணிவிட்டுப் பிள்ளைகளை எண்ண மறந்ததை, அவர் குரலிலேயே சொல்வாள். பங்க் நடத்திய டோலெஃப்ஸன் என்ற அம்மாள் தன்னை உயரமான ஸ்டூலில் உட்காரவைத்து உலர்திராட்சைப் பலகாரம் கொடுத்ததையும், தான் மூன்று கார்களுக்குக் கண்ணாடி துடைத்ததையும் சொல்வாள். அப்பா வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தபோது, "இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க, கடையில கூட்டமா இருக்கு" என்று தான் சொன்னதாகச் சொல்லி முடிப்பாள். அந்த இடத்தில் சிரிக்காதவர்களே கிடையாது. திங்கட்கிழமை, பெல்ட் வாங்க வந்த விவசாயி ஒருவரிடம் அவள் இதை ஆரம்பித்திருக்கிறாள். அவர் பாதியிலேயே கையைக் காட்டி, அட, பத்திரிகையில் வந்த கதைதானே, நீயும் படித்தாயா என்று கேட்டுவிட்டார்.

"நான் என் வாழ்க்கையையே காப்பி அடிக்கிறேன்னு நெனச்சுட்டாருடி அந்த மனுஷன்."

கதை என்றால் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுவார்கள் என்றாள் மார்த்தா.

"மாத்தறதுன்னா ஊர்ப் பேரை மாத்து. எனக்கு மூக்கை நீளமா வை. நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? பங்க்ல நின்னது நான். நீ கார்ல கால் நீட்டிக்கிட்டு கல்யாணத்துக்குப் போனவ. என்னைத் தள்ளிட்டு என் இடத்துல வந்து நின்னுக்கிட்டா, அதுக்குப் பேரு மாத்தறதா? சரி, நின்னதுதான் நின்ன. ஏன் அழுதுகிட்டு நின்ன? நான் அழவே இல்லையே."

சனிக்கிழமை டாஃபின் நூலகத்தில் மார்த்தா தன் கதையை வாசிக்க ஏற்பாடாகியிருந்தது. அதற்குத் தானும் வருவதாக ஸெனியா அறிவித்துவிட்டு போனை வைத்தாள். பெரோகி கூழாகிப் போயிருந்தது. கார்த் அதைக் கரண்டியால் சாப்பிட்டான்.

கால் நீட்டிக்கொண்டு என்று ஸெனியா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். ஆனால் அது அப்படியே நிஜம். சாஸ்கடூனில் அம்மாவின் தம்பிக்குக் கல்யாணம். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து ஸெனியா ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தாள். பாட்டு நின்றால் வாந்தி எடுத்தாள். வாந்தி நின்றால் ஜன்னல் சீட் கேட்டு அழுதாள். அம்மா அவளுக்காக ஸ்டேஷன் வேகன் என்ற அந்த நீளக் காரின் கடைசிப் பகுதியில், பெட்டிகளுக்கு நடுவே போர்வைகளைக் குவித்துப் படுக்கை போட்டிருந்தாள். பங்க்கில் எல்லாரும் இறங்கி ஏறினார்கள். வண்டி ஊர் தாண்டுவதற்குள் மார்த்தா எதற்கோ பின்னால் திரும்பிப் பார்த்தாள். போர்வைதான் இருந்தது. தங்கை இல்லை. வாயைத் திறப்பதற்குள், முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பாமலே கேட்டாள்: ஸெனியா தூங்குகிறாளா?

ஆமாம் என்றாள் மார்த்தா.

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இரண்டு பக்கமும் கோதுமை வயல். காருக்குள் ஒரு சத்தம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். சீட் முழுவதும் அவளுடையது. அப்புறம், இவ்வளவு நேரம் சொல்லாமல் இப்போது எப்படிச் சொல்வது என்று பயம் வந்துவிட்டது. யார்க்டன் தாண்டி, சாப்பிட வண்டியை நிறுத்தி அப்பா பின்கதவைத் திறக்கும்வரை அவள் சொல்லவே இல்லை. நாற்பது மைல். அப்பா மட்டும்தான் திரும்பிப் போனார். தான் பொய் சொன்னதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா போய் எட்டு வருடமாகிறது. அம்மாவுக்குத் தெரியாமலே போய்விட்டது. கதை எழுத உட்கார்ந்தபோது, காருக்குள் இருந்த பெண்ணைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். பேனா நகரவில்லை. அந்தப் பெண்ணைத் தூக்கி பங்க்கில் நிறுத்தினாள். அரை நாளில் கதை முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை வேலை விட்டதும் அப்பாவைப் பார்க்கப் போனாள். ஓரெஸ்டுக்கு எண்பத்தாறு வயது. முதியோர் இல்லத்தில் ஜன்னலோர மேஜையில் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எதிராளியாக இருந்த மாஜி தபால்காரர் மாத்திரை சாப்பிடப் போயிருந்தார். மேஜைமேல் பத்திரிகை கிடந்தது. கார்த் அங்கேயும் வந்திருக்கிறான்.

நர்ஸ் படித்துக் காட்டியதாகவும், நன்றாக இருந்ததாகவும் சொன்னார். அந்தக் கதையில் வரும் அப்பன் கொஞ்சம் மக்கு என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஸெனியாவின் பன்னிரண்டு நிமிஷத்தில் ஐம்பது வருடமாக மக்காக இருந்து பழகியவர்தானே. சனிக்கிழமை ஸெனியா வரப்போகிறாள், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று மார்த்தா புலம்பினாள். அவர் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார்:

"நடந்ததைச் சொல்லேன். அம்மா கேட்டா, தூங்கறான்னு நீ சொன்ன. அவ்வளவுதானே."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மார்த்தா.

"நான்தானே வண்டி ஓட்டினேன். காது கேக்காதா எனக்கு?"

"அப்போ ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்கறது?" ஓரெஸ்ட் ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டியைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு காலைலேர்ந்து பாடிக்கிட்டே வந்தா. திடீர்னு சத்தம் இல்ல. ஏழு வயசுப் புள்ளை இவ்வளவு நேரமா தூங்கும்னு மனசுல பட்டுச்சு. திரும்பிப் பாக்கல நான். நிம்மதியா இருந்துச்சு. உங்க அம்மாவும்தான் பாக்கல. அன்னிக்கு கார்ல இருந்த மூணு பேருமே திருடங்கதான். நீ ஒருத்திதான் வாயால சொன்ன, அவ்வளவுதான் வித்தியாசம்."

தபால்காரர் திரும்பி வந்ததும் அவர் ஆட்டத்தில் இறங்கிவிட்டார். மார்த்தா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து, ஹீட்டர் சூடாகும்வரை அழுதாள். அப்புறம் சிரிப்பும் வந்தது.

சனிக்கிழமை மதியம் நூலகத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். அதில் பாதி கார்த் அழைத்தவர்கள். ஸெனியா தன் கடை ஆட்கள் நாலு பேரோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நாலு பேரும் கடைப் பெயர் போட்ட தொப்பி. மார்த்தா வாசித்தாள். பெண் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு அழும் இடம் வந்தபோது தலை தூக்கிப் பார்த்தாள். ஸெனியா உம்மென்று இல்லை, கேலியாகவும் இல்லை. தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்ததும் கேள்வி நேரம். எல்லாக் கூட்டத்திலும் கேட்கிற கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள்: இது உங்களுக்கே நடந்ததா? இதற்கென்று மார்த்தா ஒரு பதிலைக் கண்ணாடி முன் நின்று மூன்று நாள் பழகியிருந்தாள். அது வரவில்லை. இல்லை, இது என் தங்கைக்கு நடந்தது, அதோ உட்கார்ந்திருக்கிறாள் என்றாள்.

ஸெனியாவுக்கு அவ்வளவு போதும். எழுந்து, கூட்டத்தின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். அப்பாவின் குரல் வந்தது, டோலெஃப்ஸன் அம்மாள் வந்தாள், பலகாரம் வந்தது. பன்னிரண்டு நிமிஷமும் ஒரு வினாடி குறையவில்லை. மார்த்தாவின் கதைக்கு மரியாதையாகக் கை தட்டியவர்கள் இதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நூலகரம்மா ரோவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் கை தூக்கினார். அவருக்கு எதுவும் மிச்சமில்லாமல் வகுபட வேண்டும். அப்படியானால் மார்த்தா அப்போது எங்கே இருந்தாள் என்று கேட்டார்.

காரில் என்றாள் மார்த்தா. தங்கை ஏறாதது தெரியவில்லையா என்றார் அவர்.

"தூங்கிட்டேன்," என்றாள் மார்த்தா.

காபி ஆறுகிறது என்று ரோவீனா எல்லாரையும் கிளப்பிவிட்டதால் தப்பித்தாள்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் காற்று முகத்தை அறுத்தது. கடை ஆட்கள் நாலு பேரும் வேனுக்குள் ஏறிவிட்டார்கள். ஸெனியா நல்ல சந்தோஷத்தில் இருந்தாள்; அக்காவை மன்னித்தாகிவிட்டது, இனி கதையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். மார்த்தா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் தூங்கல ஸெனியா. நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். அம்மா கேட்டதுக்கு, தூங்கறான்னு சொன்னேன்."

ஸெனியா பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்று மார்த்தா பார்த்ததே இல்லை.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ஊர் தாண்டறதுக்குள்ளயே."

"அப்புறம் நாப்பது மைலு போயிருக்கீங்க."

"ஆமா."

"ஏன்?"

"சீட்டு பூரா எனக்குக் கிடைச்சுது," என்றாள் மார்த்தா.

ஸெனியா வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேன் போய்விட்டது. கார்த் மீந்த டார்ட் பலகாரங்களைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டான். மார்த்தா சொன்னாள். அவன் ஒரு டார்ட்டை வாயில் போட்டு மென்றுகொண்டே யோசித்து, அவள் பாடுவதைக் கேட்டவர்கள் யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள் என்றான். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

ஞாயிறு போன் இல்லை. திங்கள் இல்லை. செவ்வாய் மார்த்தா இரண்டு முறை கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் கவனப்பிசகாக ஒருவருக்கு வேறொருவர் படத்தை ஒட்டி அனுப்பப் பார்த்தாள். புதன்கிழமை மத்தியானம், சான்ட்விச்சைப் பிரித்து வைத்திருந்தபோது ஸெனியா கூப்பிட்டாள். கடையின் பின்பக்கத்திலிருந்து பேசுகிறாள் போலிருந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

"அந்தக் காத்தடிக்கிற குழாய். அது உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றாள் மார்த்தா. ஒரு பிள்ளை தனியாக நிற்க பங்க்கில் ஓர் இடம் வேண்டியிருந்தது, அதனால் எழுதினேன் என்றாள்.

"அங்கதான் நின்னேன். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அழுதேன். நான் இதை யாருக்கும் சொன்னதில்லையே."

மார்த்தா சான்ட்விச்சை மூடி வைத்தாள்.

ஸெனியா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். டோலெஃப்ஸன் அம்மாள் நல்லவள்தான், ஆனால் சிடுசிடுப்பு. பலகாரம் எல்லாம் தரவில்லை. காற்றுக் குழாயை விடு, வாடிக்கையாளருக்கு வேண்டும் என்று இரண்டு முறை அதட்டினாள். கண்ணாடி துடைத்தது ஒரே ஒரு கார். அப்பா வந்தபோது அவரைப் பார்த்து, பேச்சு வராமல், அவர் சட்டையில் வாந்தி எடுத்தாள். அடுத்த வருடம் ஒரு பிறந்தநாளில் யாரோ அந்தக் கதையைக் கேட்டார்கள். எல்லாரும் பாவம் என்று பார்த்த பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. அங்கேயே பலகாரத்தைச் சேர்த்தாள். சிரித்தார்கள். அடுத்த தடவை ஸ்டூலைச் சேர்த்தாள். "கூட்டமா இருக்கு" என்ற வரி வந்தது அவளுடைய பதினாறாவது வயதில்.

"சனிக்கிழமை நீ வாசிச்சப்போ, நம்மளப் பாத்துட்டு எழுதியிருக்காளேன்னு திக்குனு இருந்துச்சு."

"என் மேல கோவமா?"

"இருக்காதா? நாப்பது மைலுடி. ரெண்டு நாளா கார்ல போறப்ப எல்லாம் மீட்டரைப் பாக்கறேன். எவ்வளவு தூரம் அது தெரியுமா? அழுது முடிச்சுட்டேன். இப்ப ஒண்ணு பண்ணு. அந்தக் கார்ல இருந்தவளை எழுது. எனக்கு அவளைத் தெரியணும்."

மார்த்தா எழுதினாள். இந்த முறை அரை நாளில் முடியவில்லை. ஏப்ரல், மே முழுக்க ஆயிற்று. பனி உருகி, ஆற்றில் தண்ணீர் ஏறி, இறங்கியும் விட்டது. ஒன்பது வயதுப் பெண் செருப்பைக் கழற்றும் இடத்தை மட்டும் பதினோரு தடவை எழுதினாள். அந்தப் பெண்ணுக்குக் கால் நீட்டியதில் உண்மையிலேயே சுகமாக இருந்தது என்று எழுதும்வரை அந்த இடம் சரியாகவே வரவில்லை. முடித்ததும் அதே வின்னிபெக் பத்திரிகைக்கு அனுப்பினாள்.

ஆசிரியர் அன்பாகப் பதில் எழுதியிருந்தார். முதல் கதையில் சொந்த அனுபவத்தின் வாசனை இருந்தது. இதில் அது இல்லை என்றார். கூடப்பிறந்தவளை விட்டுவிட்டு ஒரு சிறுமி நாற்பது மைல் வாய் திறக்காமல் வருவாள் என்பதை வாசகர் நம்ப மாட்டார், தூரத்தைக் குறைத்தால் பரிசீலிக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்.

மார்த்தா அன்று ராச்சாப்பாட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து பன்னிரண்டு மைல் என்று மாற்றினாள். தங்கைக்கு போனில் படித்துக் காட்டினாள்.

"பன்னெண்டா? நின்னது நான். ஒரு மைல்கூட விட்டுத் தர மாட்டேன், சொல்லிட்டேன்."

அவர்கள் நம்பவில்லையே என்றாள் மார்த்தா.

"அவருக்குக் கூடப்பிறந்தது யாரும் இல்ல போலிருக்கு. வேற ஆளுக்கு அனுப்பு."

ரெஜைனாவில் இருந்து வரும் ஒரு சின்னப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அதன் ஆசிரியை நாலு அக்கா தங்கைகளோடு பிறந்தவளாம். ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டாள். அக்டோபரில் கதை வந்தது. இந்தத் தடவை முதல் பிரதியை மார்த்தா ஸ்வான் ரிவருக்கு அனுப்பினாள். ஸெனியா அதைக் கவுன்ட்டரில் நின்றபடியே படித்திருக்கிறாள். பெல்ட்டும் பேரிங்கும் கேட்டு வந்தவர்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். படித்து முடித்து, மூக்கைச் சிந்திவிட்டுத்தான் அடுத்தவரை என்ன வேண்டும் என்று கேட்டாளாம்.

அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். கதையில் தன் மூக்கு தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது என்றாள். மற்றபடி குறை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், அடுத்து என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டாள். மார்த்தாவுக்குத் தெரியவில்லை. கார்த்துக்கு மீன்பிடிக்கப் போனபோது பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்த சம்பவம் ஒன்று உண்டு என்று மெல்ல ஆரம்பித்தாள். சோபாவிலிருந்து கார்த் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அதை விடு. என் முதல் புருஷன் இருக்கானே, அவனை எழுதேன்," என்றாள் ஸெனியா. "அவன் என் கடைக்கு முதமுதலா என்ன கேட்டு வந்தான் தெரியுமா? உனக்கு நான் முழுசா சொன்னதே இல்ல. எழுத ஏதாச்சும் எடுத்துக்க."

மார்த்தா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, மின்சார பில்லின் பின்பக்கத்தைத் திருப்பினாள். பென்சிலைத் தேட எழுந்தபோது, கார்த் தன் காதில் செருகியிருந்ததை எடுத்து நீட்டினான்.